பள்ளிக்கூடத்துக்கு காசு: ஆர் மூலமா அனுப்புறது, எதுக்கு அனுப்புறது

அண்ணைமார் அக்காமார் தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன சங்கக் கூட்டத்தில, வெளிநாட்டில இருக்கிற நாங்கள் எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு காசு அனுப்புற விசயம் தொடங்கி, பிறகு ஆரோ பெருநாள் சாப்பாட்டுக் கணக்கை இழுக்க கதை அப்பிடியே திசை மாறிப்போச்சு, அதான் எழுத்தில போடுறன். நீளமா வரும், கோவியாதேங்கோ.

எங்கள்ல கனபேர் இன்னும் அதை சுவாமியாரின்ர பள்ளிக்கூடம் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கினம். பேரில றோ.க. (றோமன் கத்தோலிக்க) எண்டு இருக்கு, முத்தத்தில மாதா சுருவம் நிக்குது, காலமை செபத்தோடதான் தொடங்குது, எல்லாம் சரி. ஆனா 1960, 61ல வந்த சட்டங்களோட அரசாங்கம் மிஷன் பள்ளிக்கூடங்களை எடுத்திட்டுது, யாழ்ப்பாணத்தில சென் பற்றிக்ஸ் மாதிரி கொஞ்சம்தான் தப்பினது. எங்கட பள்ளிக்கூடம் இப்ப மாகாணத்துக்குக் கீழ, ரீச்சர்மாரைப் போடுறதும் மாத்துறதும் வலயக் கல்விப் பணிமனை. பங்குச் சுவாமியின்ர கையில ஒரு லட்சத்தைக் குடுத்து "பள்ளிக்கூடத்துக்கு ஏதும் செய்யுங்கோ பாதர்" எண்டா அந்த மனுசனும் அதை அதிபரிட்டத்தான் கொண்டுபோகோணும், அதுக்குள்ள அவருக்கும் மாற்றம் வந்தா புதுசா வாறவருக்கு ஆர் தந்தது எதுக்குத் தந்தது ஒண்டும் தெரியாது.

அதால பள்ளிக்கூடத்துக்குள்ள போற காசு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின்ர பாங்க் கணக்குக்குத்தான் போகோணும். அதிபர்தான் அதுக்குத் தலைவர், பெற்றாரும் ரீச்சர்மாரும் பழைய மாணவரும் கொமிற்றியில இருப்பினம், காசு எடுக்கிறதுக்கு ஒராளின்ர கையெழுத்து காணாது, பற்றுச்சீட்டும் வரும். கட்டிடம் எண்டா இன்னும் கவனம், வலயத்தின்ர அனுமதியும் ரி.ஓவின்ர (தொழில்நுட்ப உத்தியோகத்தரின்ர) மதிப்பீடும் இல்லாம ஒரு கல்லும் வைக்கக்கூடாது. விடுதியில நிக்கிற பிள்ளையளுக்கு எண்டா அது வேற கணக்கு, அது சிஸ்டர்மார் நடத்துறது, அவையிட்டயே நேர குடுக்கலாம். திருச்சபைப் பக்கமா பெரிசா ஏதும் செய்யிறதெண்டா எங்கட பக்கத்துக்கு யாழ் மறைமாவட்டத்தின்ர சமூகசேவை நிறுவனம் ஹியூடெக் இருக்கு. மடு, வவுனியாப் பக்கம் கலியாணம் முடிச்சுப் போன ஆக்கள் அங்கத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கிறதெண்டா அது மன்னார் மறைமாவட்டம், அங்க அதே வேலையைச் செய்யிறது வாழ்வுதயம். யாழ்ப்பாணத்தில இருந்து மன்னார் 1981ல தனி மறைமாவட்டமாப் பிரிஞ்சது இன்னும் சிலபேருக்கு மண்டையில ஏறேல்லை.

உண்டியல்ல, அதான் பாங்க் இல்லாம ஆள் மூலமா, அனுப்பிறதை தயவுசெய்து விடுங்கோ. கெதியாப் போகும், ரேற்றும் நல்லது, ஓம். ஆனா ஒரு துண்டுக் கடதாசியும் மிஞ்சாது, பிறகு இஞ்ச வரியில ஒண்டும் கேக்கேலாது.

இனி எதுக்கு எண்ட கதை. போன ஓகஸ்ட் மடுவுக்குப் போட்டு வரேக்க பள்ளிக்கூடத்தையும் ஒருக்கா எட்டிப் பாத்தன். பொம்பிளைப் பிள்ளையளின்ர ரொயிலெட்டுக்கு மேல பெரிய தண்ணித் தாங்கி, அதில குடுத்தவையின்ர பேர் நாட்டோட சேத்து நீலப் பெயின்ரில பெரிசா எழுதிக் கிடக்கு, தாங்கியோ வெறுமை. மோட்டர் எரிஞ்சு மாசக்கணக்காச்சாம். பிள்ளையள் கிணத்தில அள்ளி வாளியில காவிக்கொண்டு போகுதுகள், பெரிய பிள்ளையள் சிலது அந்த நாளுகளில பள்ளிக்கூடமே வாறேல்லையாம், ஒரு ரீச்சர் மெதுவாச் சொன்னா. வைண்டிங் கட்டக் குடுக்கிறதுக்கு எவ்வளவு வரும், இஞ்ச ஒரு குடும்பம் ஒருநாள் கடையில சாப்பிடுற காசு. தாங்கிக்கு காசு குடுக்க நாலு நாட்டில ஆள் இருக்கு, மோட்டருக்கு ஒருத்தரும் இல்லை, மோட்டரில பேர் எழுதேலாதுதானே.

இந்த நிலைமையில இப்ப வாசலுக்கு வளைவு கட்டுற யோசினை வந்திருக்கு. சண்டைக்கு வராதேங்கோ, எனக்கு அதில விருப்பமில்லை.

எனக்குத் தெரிஞ்சு இப்ப தேவை படிப்பிக்கிற ஆள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இங்கிலிசுக்கும். ரீச்சர்மாரை வன்னிக்குப் போட்டா வருசம் முடிய மாற்றம் கேக்கிறவைதான் கூட, அவையைக் குறை சொல்லியும் பிரியோசனம் இல்லை, தங்கி நிக்க ஒழுங்கான இடமில்லை. கம்பசுக்கு (பல்கலைக்கழகத்துக்கு) பிள்ளையளை எடுக்கேக்க கலைப்பிரிவைத் தவிர மிச்சத்துக்கு 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, மிச்ச 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு எண்டு ஒதுக்கியிருக்கு, அதில கிளிநொச்சி முல்லைத்தீவு மன்னார் வவுனியா நாலும் இருக்கு. அதாவது இடம் இருக்கு. பௌதிகம் படிப்பிக்க ஆளில்லாட்டி அந்த இடத்துக்கு எங்கட ஊர்ப் பிள்ளை என்னெண்டு போறது? ஒரு தொண்டர் ஆசிரியருக்கு மாசக் கொடுப்பனவும் தூரத்தில இருந்து வாறதெண்டா பஸ் காசும், பின்னேர வகுப்புக்கு லைற் கரண்ட் பில்லும். போட்டோ எடுத்துப் போட ஒண்டும் இராது, ஆனா இதைத்தான் செய்யோணும் எண்டு நான் நினைக்கிறன். அந்த ஆளைப் பிடிக்கிறதும் வலயத்துக்கு அறிவிச்சு அதிபர் மூலமா நடக்கோணும், நாங்கள் இஞ்ச இருந்து ஆளைத் தெரிவு செய்ய வெளிக்கிட்டா ஊரில ரெண்டு கட்சியாப் போகும்.

மொத்தமா ஒரு தொகையை ஊர் பாங்கில போட்டு வட்டியில செய்வம் எண்டு சுவிஸ் அண்ணை சொன்னவர். 2022 கடைசியில வட்டி 20 வீதத்துக்கு மேல நிக்கேக்க அது நல்லாத்தான் தெரிஞ்சது, பிறகு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிட்டுது, அதுக்குள்ள கொப்பி சப்பாத்து விலை ஏறினது இறங்கவும் இல்லை. வட்டியை நம்பி ஒரு ரீச்சரை வைக்கேலாது. ஸ்கொலர்சிப் மாதிரி வருசத்தில ஒருக்கா குடுக்கிறதுக்கு வேணுமெண்டா வைப்புக் காசு சரிவரும். மாசச் செலவுக்கு மாசக் காசுதான், மாசாமாசம் தானாப் போற மாதிரி பாங்கில ஸ்டாண்டிங் ஓர்டர் போட்டு விட்டா நீங்களும் மறந்திடுவியள், அதுவும் தன்ர பாட்டில போகும்.

லண்டனில இருக்கிறவை கேளுங்கோ: வரி கட்டுற ஆள் கிஃப்ட் எய்ட் போமில கையெழுத்து வைச்சா ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசாங்கம் சங்கத்துக்குத் தரும், 10 பவுண்டு குடுத்தா 12.50. எங்கட சங்கம் அறக்கட்டளையாப் பதிஞ்சு வரித் திணைக்களத்திலயும் ஏத்தினாத்தான் இது நடக்கும், இத்தனை வருசமா ஒருத்தரும் அதைச் செய்யேல்லை, பெருநாளுக்கு பாண்ட் பிடிக்கிறதுக்கு மட்டும் மூண்டு உபகொமிற்றி. பிரான்சில தகுதியான சங்கம் எண்டா 100 யூரோவுக்கு 66 யூரோ வரியில கழியும். கனடாவில வரிப் பற்றுச்சீட்டு குடுக்கிறதுக்கு பதிஞ்ச அறக்கட்டளை இலக்கம் வேணும், ஊருக்கு நேர அனுப்பினதுக்கு கிடையாது. கணக்காளர் வேலை செய்யிற ஆக்கள் எங்களுக்குள்ளயே இருக்கினம், ஒராள் முன்னுக்கு வாங்கோ.

சனிக்கிழமை அதிபரோட சூமில கதைக்கிறம், லண்டன் நேரம் மத்தியானம் 12 மணி, ஊரில பின்னேரம். மாசம் எவ்வளவு ஏலும் எண்டதை அதுக்கு முதல் எனக்குத் தனிய எழுதுங்கோ, 5 பவுண்டு எண்டாலும் சரி, பொதுவில தொகை போட்டு ஆளுக்காள் போட்டி வேண்டாம். ரொறன்ரோக்காரருக்கு அந்த சூம் விடிய 7 மணி, அலாரம் வைச்சுப் படுங்கோ.