டாலியிலிருந்து நிலுவைத் தொகையை எக்செல் சூத்திரத்தால் எடுப்பது எப்படி?

கேள்வி:
மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறேன். டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளிலிருந்து நிலுவைப் பட்டியலை ஏற்றுமதி செய்து, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என வசூல் வழி வாரியாகப் பிரித்த எக்செல் தாளில் வீலுக்அப் (VLOOKUP, பெயரைத் தேடி அதற்கு நேரான மதிப்பைத் தருவது) சூத்திரத்தால் தொகையை எடுக்கிறேன். சில பெயர்களுக்கு மட்டும் என்.ஏ. (#N/A, தேடியது கிடைக்கவில்லை என்னும்) பிழை வருகிறது. அன்றாடம் ஏற்றுமதி செய்யாமல் நேரடியாக இணைக்கவும் வழி உண்டா?

மறுமொழி 1:
உண்டு ஐயா. டாலியில் நிறுவனக் கணக்கைத் திறந்து வைத்து, ஓடிபிசி (ODBC, பிற மென்பொருள் தரவை நேரே படிக்க உதவும் இணைப்பு) வசதியை இயக்கினால் (வழக்கமான போர்ட் எண் 9000), எக்செலின் டேட்டா பகுதி வழியாக லெட்ஜர் (ஒவ்வொருவரின் கணக்கு) பெயரையும் இறுதி இருப்பையும் நேரே பெறலாம். பிறகு ரெஃப்ரெஷ் செய்தாலே போதும். டாலி, எக்செல் இரண்டும் 32 பிட் அல்லது இரண்டும் 64 பிட்டாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மறுமொழி 2:
பிழைக்குக் காரணம் பெரும்பாலும் பெயரின் இறுதியில் ஒட்டியிருக்கும் வெற்றிடமே; ஏற்றுமதிப் பட்டியல், உங்கள் தாள் என இரண்டிலும் டிரிம் (TRIM) சூத்திரத்தால் நீக்கிப் பாருங்கள். வீலுக்அப் சூத்திரத்தின் நான்காவது இடத்தில் 0 (சரியாகப் பொருந்தும் பெயர் மட்டும்) இடுவதை விட்டுவிட்டால் பிழைக்குப் பதிலாக வேறொருவரின் தொகை வந்து நிற்கக்கூடும், அது இன்னும் ஆபத்து. ஒருவருக்குப் பல பில்கள் தனித்தனி வரிசையில் இருந்தால் வீலுக்அப் முதல் வரிசையை மட்டுமே தரும் என்பதால், அங்கே பொருந்தும் வரிசைகளைக் கூட்டித் தரும் சம்இஃப்ஸ்தான் (SUMIFS) பொருந்தும்.

கேட்டவர்:
வெற்றிடம்தான் காரணம். நன்றி. ஓடிபிசி இணைப்பை நாளை முயல்கிறேன்.