‘பழக்கம் ஏதும் உண்டா?’னு டாக்டர் கேட்டப்ப நீங்க என்ன பதில் சொன்னீங்க?

சொட்டை_சுந்தரம்
தலையில முடி நட்டவங்க, மூக்கு, வயிறு, தாடைன்னு எதை சரி பண்ணிக்கிட்டவங்களா இருந்தாலும் சரி, வந்து சொல்லுங்க. எனக்கு ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு.

போன வருஷம் சென்னையில முடி நட்டேன், 2500 கிராஃப்ட் (வேரோட பிடுங்கி நடுற முடிக்கொத்து). ஒரு வாரம் முன்னாடியே பேப்பர் கொடுத்துட்டாங்க, தண்ணி கூடாது, தம் கூடாதுன்னு. படிச்சேன், மடிச்சு பர்ஸ்ல வச்சேன். முதல் நாள் ராத்திரி ஃப்ரெண்டு ரூம்ல தங்கினேன். மீதிய சொல்லணுமா?

காலையில கவுந்து படுக்க வச்சுட்டாங்க. முகத்துக்கு மட்டும் மேஜையில ஒரு ஓட்டை, அது வழியா தெரியுறது டெக்னீஷியன் தம்பியோட ரப்பர் செருப்பு மட்டும்தான். பின்மண்டையில எடுக்க ஆரம்பிச்சு கால் மணி நேரம் இருக்கும். செருப்பு அசையாம நின்னுச்சு. மெதுவா குனிஞ்சு, “அண்ணே, நேத்து சாப்பிட்டீங்களா?”ன்னான்.

“ரெண்டு சப்பாத்தி தம்பி.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. “அது இல்லண்ணே.”

அப்புறம் பஞ்சு பஞ்சா ஒத்தி எடுத்துக்கிட்டே இருந்தாங்க. முன்னாடி நடும்போது ஒரு வேரை வச்சா பக்கத்து வேர் ரத்தத்தோட வெளிய வருதுன்னு அவங்களுக்குள்ள பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. அஞ்சு மணிக்கு முடியும்னாங்க, எட்டாச்சு. இன்னைக்கு உச்சியில ஒரு இடம் கொஞ்சம் காலியாத்தான் இருக்கு. அந்த ராத்திரியாலயா, வேற காரணமான்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. எனக்கு அந்தச் செருப்புதான் ஞாபகம் வருது.

காவேரிக்கரைப்பொண்ணு
அண்ணா, நீங்களாவது தெரிஞ்சு பண்ணீங்க. எங்க அம்மா பொய்யே சொல்லல.

அம்மாவுக்கு 58. குடலிறக்கத்தோட, தொங்குற வயித்துத் தோலையும் ஒரேடியா எடுத்துடலாம்னு திருச்சியில பண்ணினோம். மயக்க டாக்டர் வந்து “சிகரெட், பீடி உண்டாம்மா?”ன்னு கேட்டாரு. எங்கம்மா அவரைப் பாத்த பார்வை இருக்கே. “ஏன் தம்பி, என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?” குடி? “ச்சீ.” அவரும் சிரிச்சுட்டு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.

நாலாம் நாள் ராத்திரி தலகாணி உறை மாத்துறேன், சுருக்குப்பை விழுது. கும்பகோணத்துக் கொழுந்து வெத்தலை ஈரத்துணியில சுத்தி, சுண்ணாம்பு டப்பி, பொட்டலமா போயிலை. 40 வருஷமா போடுறாங்க. எங்க வீட்ல யாருக்குமே அது ‘பழக்கம்’னு தோணல, சாப்பாடு மாதிரி. எனக்கே தோணல, அதுதான் கொல்லுது.

ஆறாம் நாள் கட்டு பிரிச்சாங்க. தொப்புளுக்குக் கீழே தையல் நடுவுல ஒரு ரூபா நாணயம் அளவு ஊதா. ரெண்டு நாள்ல கறுப்பாகி உள்ளங்கை அளவுக்கு வந்துடுச்சு. செத்த தோலை வெட்டி எடுத்து, ரெண்டு மாசம் தினம் கட்டு. சர்ஜன் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாரு: “போயிலையாம்மா?” அம்மா என்னையப் பாத்தாங்க, நான்தான் சொல்லிக்கொடுத்த மாதிரி.

மூக்குத்தி_இல்லாதவன்
ரொம்ப பயமுறுத்தாதீங்கப்பா. எனக்கு மூக்கெலும்பு சீர் பண்ணி மூணாம் நாளே, ப்ளாஸ்டரோட மாடியில நின்னு தம் அடிச்சேன். ஒரு மண்ணும் ஆகல. டாக்டருங்க எல்லாத்துக்கும் நம்ம பழக்கத்து மேலதான் பழி போடுவாங்க.

ஓடி_சிஸ்டர்
@மூக்குத்தி_இல்லாதவன் தப்பிச்சீங்க, அவ்வளவுதான். மூக்குக்கு ரத்த ஓட்டம் தாராளம். வயிறு, மார்பு, முகத்தோலை இழுத்துத் தைக்கிறது, இதெல்லாம் வேற கதை. தோலை அடியில இருந்து பிரிச்சு, இழுத்து, நுனியில தைப்போம். அந்த நுனிக்கு ரத்தம் வர்றதே கடைசி மயிரிழை நாளங்கள் வழியா. நிகோடின் அதையும் சுருக்கிடும். புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல தான் உக்காந்துக்கும். 1984லயே அமெரிக்காவுல ஃபேஸ்லிஃப்ட், அதான் முகத்தோலை இழுத்துத் தைக்கிற ஆபரேஷன், பண்ணினவங்க ஆயிரம் பேருக்கு மேல வச்சுப் பாத்தாங்க, புகைக்கிறவங்களுக்குத் தோல் செத்து உதிர்றது சுமார் 12 மடங்கு. பழி போடுறாங்களாம்!

அதனாலதான் ஆபரேஷனுக்கு முன்னாடி நாலு வாரம், பின்னாடி நாலு வாரம் புகையிலையை விடச் சொல்லி பெரும்பாலான சர்ஜன்கள் கேக்கிறாங்க. சில பேர் ஆறு. தம்மை விட உதவுற நிகோடின் சூயிங்கமும் தோல்ல ஒட்டுற பேட்சும் புகை இல்லையேன்னு கேப்பீங்க, நிகோடின் அதுலயும் இருக்கு, டாக்டரைக் கேக்காம ஒட்டாதீங்க. 2019ல தடை பண்ணின வேப்பும் (இ-சிகரெட்) இன்னும் பாக்கெட்ல வருது, அதுவும் அப்படியே. சில இடத்துல சிறுநீர்ல கோட்டினின் டெஸ்ட் பண்ணுவாங்க. நிகோடின் உடைஞ்சு வர்ற பொருள் அது, சில நாள் தங்கும். ‘நேத்தோட விட்டுட்டேன்’ அங்க செல்லாது.

நான் சொல்ல வந்த கதை வேற, அது குடியைப் பத்தி. ஆண் மார்பு சதை எடுக்க வந்தவர், 35 வயசு, ‘எப்பவாச்சும் பார்ட்டியில’ன்னார். ரெண்டாம் நாள் ராத்திரி டியூட்டியில மணி அடிச்சது. போனா, பெட்ஷீட்டை உதறிக்கிட்டு நிக்கிறார். “சிஸ்டர், எறும்பு. ஆயிரக்கணக்குல ஊருது, பாருங்க.” கை நடுங்குது, உடம்பெல்லாம் வேர்வை. மார்புல ரத்தக் கசிவு வடிய வச்சிருந்த டிரெய்ன் குழாயைப் பிடுங்கிட்டார், சட்டையெல்லாம் ரத்தம். அவங்க வொய்ஃப் வெளிய வந்து அழுதுக்கிட்டே சொன்னாங்க, தினம் ராத்திரி அரை பாட்டில், எட்டு வருஷமா. திடீர்னு நின்னதுல மூளை தாறுமாறா ஓடிடுச்சு. தினமும் குடிக்கிறவங்க தாங்களா சட்டுனு நிறுத்திட்டு டேபிள்ல வந்து படுக்காதீங்க. மயக்க டாக்டர்கிட்ட உண்மையான அளவைச் சொல்லுங்க, மருந்து கொடுத்து பத்திரமா குடியை நிறுத்த வைப்பாங்க.

எறும்பு இல்லன்னு சொன்னா அடிக்க வந்தார். நானும் சேர்ந்து பெட்ஷீட்டை உதறினேன், அப்பதான் உக்காந்தார்.

பசுமைப்பாதை
நல்ல திரி. நான் ஆபரேஷன் பண்ணல, மச்சான் லைப்போ (கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறது) பண்ணினான், நல்லாருக்கான். ஆனா விட நினைக்கிறவங்களுக்கு சில விஷயம். முதல்ல டீக்கடையை மாத்துங்க, பாதி தம் அந்தக் கடையிலதான் இருக்கு. சட்டைப்பையில ஏலக்காய், கிராம்பு வச்சுக்கோங்க. லைட்டரை வீட்டம்மா கையில கொடுத்துடுங்க. காலையில வெந்நீர், அப்புறம் அரை மணி நடை. வாழைத்தண்டு ஜூஸ் வாரம் மூணு நாள். சாயந்திரம் ஆறுல இருந்து எட்டு மணிதான் கண்டம், அந்த நேரத்துல கோயிலுக்கோ மாமியார் வீட்டுக்கோ போயிடுங்க. முக்கியமா, ஆபரேஷனுக்கு ஒரு மாசம் முன்னாடி இருந்து வெறும் வயித்துல நாலு பல் பச்சைப் பூண்டு, கூடவே மீன் எண்ணெய் மாத்திரை. ரத்தம் சுத்தமாகும், இளகி ஓடும்.

ஓடி_சிஸ்டர்
@பசுமைப்பாதை ஐயா, இளகி ஓடுறதுதான் எங்களுக்கு வேண்டாம்! பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, ஆஸ்பிரின், இதையெல்லாம் எப்ப நிறுத்தணும்னு சர்ஜன்தான் சொல்லணும். இதய நோய்க்கு ஆஸ்பிரின் போடுறவங்க தானா நிறுத்தவும் கூடாது. முடி அண்ணன் தலையில வேர் வெளிய வந்தது எதனாலன்னு நினைக்கிறீங்க?

பசுமைப்பாதை
எங்க தாத்தா 90 வயசு வரைக்கும் பூண்டு சாப்பிட்டார்.

ஓடி_சிஸ்டர்
அவருக்கு ஃபேஸ்லிஃப்ட் பண்ணாங்களா?

சொட்டை_சுந்தரம்
😀 சிஸ்டர், ஒரு சந்தேகம். ரெண்டாவது தடவை உச்சியில நிரப்பலாம்னு சொல்லியிருக்காங்க. ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாள் கழிச்சு ஒரு பீர்?

ஓடி_சிஸ்டர்
பேப்பர்ல போட்டிருக்கும். இந்தத் தடவை மடிக்காம படிங்க. வலி மாத்திரை, ஆன்டிபயாடிக் ஓடுற வரைக்கும் கேள்வியே கேக்காதீங்க. பாராசிட்டமாலும் சாராயமும் ஒரே கல்லீரலுக்குத்தான் போகுது.

சொட்டை_சுந்தரம்
சரி சிஸ்டர். @காவேரிக்கரைப்பொண்ணு அம்மா இப்ப எப்படி இருக்காங்க?

காவேரிக்கரைப்பொண்ணு
புண் ஆறிடுச்சுண்ணா, தழும்பு கொஞ்சம் அகலம். சுருக்குப்பை என் பீரோவுலதான் இருக்கு. போன வாரம் பேத்தியை அனுப்பி “வெறும் பாக்கு மட்டும் தரச் சொல்லு”ன்னு கேட்டு விட்டாங்க. சீவல் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த நாள் பாத்தா, அந்த சீவல் பொட்டலம் பிரிக்காம அப்படியே ஜன்னல்ல இருக்கு.