ஹெரால்டுக்கு முன்பக்க டிஸ்க் பிரேக்: எதிலிருந்து தொடங்குவது?

தண்டையார்பேட்டை ஹெரால்டு:

அனைவருக்கும் வணக்கம். அப்பா 1970இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. நான்கு கதவு வண்டி, நம் சென்னையிலேயே செய்தது. அப்பா போன பிறகு விற்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். மனம் வரவில்லை.

சென்ற மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கிய நீரைக் கடந்து வந்தேன். தண்டையார்பேட்டையை நெருங்கும்போது முன்னால் போன கண்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன், முதலில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது மிதிக்குப் பிடித்தது, ஆனால் வண்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய், லாரியின் பின் கம்பிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின் இருக்கையில் அம்மா இருந்தார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முன்பக்க டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட முடிவு செய்திருக்கிறேன். நண்பர் ஒருவர், டிஸ்க் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் மாருதி காலிப்பரை வெல்டிங் செய்து பொருத்திவிடலாம், அப்படியே முன் ஸ்பிரிங்கை இரண்டு அங்குலம் வெட்டி, சக்கரத்துக்கு உள்பக்கம் ஸ்பேசர் என்ற தடித்த தகட்டை வைத்து வெளியே தள்ளினால் சாலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்கிறார். செய்யலாமா? எதை முதலில் செய்வது?

காலடிப்பேட்டை கடைசல்காரர்:

தம்பி, தாயாரோடு நல்லபடியாக வீடு சேர்ந்தீர்களே, அதுவே பெரிது. முப்பத்தைந்து ஆண்டுகள் கடைசல் பட்டறை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெல்டிங் வேண்டவே வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது காலிப்பர் தாங்கும் தகட்டுக்கு வரும் முறுக்கு சாதாரணமானதல்ல. ஸ்பிரிங் வெட்டுவதையும் மறந்துவிடுங்கள்.

டிஸ்க்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வண்டியின் பானட் முன்பக்கம் கீல் வைத்தது. அதைத் தூக்கிவிட்டால் முன் அமைப்பு முழுவதும் கண்ணெதிரே இருக்கும், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்க்கின் மேல்முனையில் பால் ஜாயிண்ட் இருக்கும். கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும், அது டிரன்னியன் என்ற பித்தளைக் கட்டிக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை அதற்குள்ளேயே சுழல்கிறது. அதற்கு ஊற்ற வேண்டியது 90ஆம் எண் கியர் எண்ணெய். எண்ணெய் விடும் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவது நம் ஊர்ப் பட்டறைகளில் ஊறிப்போன பழக்கம். கிரீஸ் நாளடைவில் மெழுகாக இறுகி வழியை அடைத்துவிடும். மரை வறண்டு போகும், மழைநீர் உள்ளே போய்த் துருவை ஏற்றும். எண்ணூர்ப் பக்கத்து உப்புக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒருநாள் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது லிங்க் முறிந்து சக்கரம் பக்கவாட்டில் மடங்கிவிடும். இந்தக் கோலத்தில் நின்ற ஒரு வண்டியை என் பட்டறைக்கே இழுத்து வந்திருக்கிறார்கள். வீதி முனையில் மெல்லத் திரும்பும்போது நடந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே லிங்க்கின் மேல் இன்னும் கடுமையாகப் பிடிக்கும் பிரேக்கைப் போடுவது சரியா என்று நீங்களே யோசியுங்கள்.

ஆகவே முதலில் இரண்டு டிரன்னியன்களையும் கழற்றுங்கள். இடது, வலது மரைகள் எதிரெதிர்த் திசையில் இருக்கும், மாற்றிவிடாதீர்கள். மரையைப் பெட்ரோலில் கழுவி, நகத்தால் வருடிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் அந்த லிங்க்கை வைத்துக்கொள்ளாதீர்கள். திரும்ப மாட்டும்போது டிரன்னியனை முழுவதும் திருகிவிட்டு, சற்றுப் பின்வாங்கி, இரு பக்கமும் கடைசிவரை தடையின்றித் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

வண்டி இழுத்ததற்கு டிரம்மையும் திறந்து பாருங்கள். ஷூக்களை டிரம்மை நோக்கித் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து, ஷூவின் மேல் ஒட்டிய லைனிங்கில் ஒரு பக்கம் பிரேக் ஆயில் பட்டிருந்தாலும் இழுக்கும், ஒரு பக்கம் மட்டும் நீர் காயாமல் இருந்தாலும் இழுக்கும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

ஸ்பேசர் விஷயத்துக்கு வருகிறேன். சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டினால் அது ஓரிடத்தில் தொடும். டயரின் நடுக்கோடு அதற்குச் சற்று வெளியே தொடும். ஸ்பேசர் வைத்தால் இந்த இடைவெளி கூடும். இரு பக்க பிரேக்கிலும் சிறு வித்தியாசம் இருந்தால் போதும், ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். உங்களுக்கு இருக்கும் நோயே அதுதான். அதை வளர்க்கும் மருந்து எதற்கு?

பெரம்பூர் 1147:

ஐயா சொன்னது அத்தனையும் உண்மை. என் மார்க் 2 வண்டிக்கு டிஸ்க் போட்டு நான்கு ஆண்டுகளாக ஓட்டுகிறேன் என்பதால் அந்தப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் விற்ற டிரையம்ப் ஹெரால்டின் 12/50, 13/60 மாடல்களில் முன்பக்கம் டிஸ்க்தான். அவற்றின் உதிரிகள் இன்றும் அங்கே புதிதாகச் செய்யப்படுகின்றன. 9 அங்குலத் தட்டு நம் 13 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்கிவிடும். சக்கரம் மாட்டும் ஹப், அது சுழலும் ஸ்டப் ஆக்சில், காலிப்பர் தாங்கும் தகடு, ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக வாங்குங்கள். நான் தனித்தனியாக வாங்கி, பொருந்தாமல் மூன்று மாதம் வண்டியை நிறுத்தி வைத்திருந்தேன்.

மிதியின் அழுத்தத்தைப் பிரேக் குழாய்களுக்கு அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் அமைப்பில், குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு உண்டு. அது டிஸ்க் பக்கம் இருந்தால் காலிப்பரின் பேட் தட்டை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். எனக்கு மாதவரம் போய்த் திரும்புவதற்குள் ஹப் கொதித்தது, காரணம் இதுதான். டிஸ்க்குக்கு உரிய மாஸ்டர் சிலிண்டரையே போடுங்கள். மாட்டும்போது காலிப்பரின் ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடது வலது மாறினால் அது கீழே போய்விடும், எவ்வளவு மிதித்தாலும் காற்று வெளியேறாது.

எதிர்பார்ப்பையும் சரி செய்துகொள்ளுங்கள். காய்ந்த சாலையில் ஒருமுறை அழுத்திப் பிடித்தால் நல்ல டிரம்மே சக்கரத்தைப் பூட்டிவிடும். அதற்கு மேல் வண்டியை நிறுத்துவது டயர்தான். டிஸ்க்கின் பலன் மழையிலும் தொடர்ந்து பிரேக் பிடிக்கும் இடங்களிலும் தெரியும். தட்டு சுழலும்போதே நீரை வீசிவிடும், சூடேறினாலும் சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் டிரம்மைப் போலத் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளாது, ஆகவே மிதிக்கு உதவும் பூஸ்டர் இல்லாத நம் வண்டியில் காலை அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். டயரின் பக்கச் சுவரில் வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக இருக்கும், அதையும் பாருங்கள். பழைய வண்டிகளில் டயர் தேய்வதற்குள் காய்ந்து வெடிப்பு விட்டுவிடுகிறது.

கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளே வெளியே சாயும் அளவைத் திருத்த ஸ்பிரிங்கை வெட்ட வேண்டியதில்லை. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையான விஷ்போன் சேசிஸில் மாட்டும் இடத்தில் ஷிம் என்ற மெல்லிய தகடுகள் இருக்கும். அவற்றைக் கூட்டினால் சக்கரத்தின் அடிப்பக்கம் வெளியே வரும். முன், பின் இரண்டு இடத்திலும் சமமாகப் போடுங்கள், வேறுபட்டால் காஸ்டர், அதாவது திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு, மாறிவிடும். அதற்குப் பிறகே டோ-இன், அதாவது இரு முன்சக்கரங்களும் முன்பக்கம் உள்நோக்கி இருக்கும் அளவு, பார்க்க வேண்டும். மிகைப்படுத்தவும் கூடாது. பின்பக்கம் ஊசலாடும் அரை அச்சு, ஒவ்வொரு பின்சக்கரமும் தன் அச்சோடு தனியே மேலும் கீழும் ஆடும். முன்பக்கத்துக்கு மட்டும் பிடிப்பைக் கூட்டிவிட்டு வளைவின் நடுவே பிரேக் பிடித்தால், பின்பக்கம் மேலெழும்பிச் சக்கரங்கள் உள்ளே மடங்கும், வால் வீசிவிடும்.

தண்டையார்பேட்டை ஹெரால்டு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். வலது டிரன்னியன் நன்றாக இருந்தது. இடதைத் திருகி எடுத்தபோது முதலில் வந்தது ஒரு கரண்டி செம்பழுப்பு நீர். அதன் பின் புளி உருண்டை போல இறுகிய கிரீஸ். கழுவிப் பார்த்தால், மரையின் கடைசி மூன்று சுற்றுகளில் கறையான் அரித்தது போலக் குழிகள். நகம் மாட்டி நின்றது. ஐயா, அந்த இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடமும் காட்டினேன்.

இரு பக்கமும் புது லிங்க், டிரன்னியன், புஷ் போட்டாயிற்று. நிப்பிளில் எண்ணெய் விட்டு, கீழே சொட்டும் வரை நிரப்பினேன். இடது முன் டிரம்மில் ஒரு வீல் சிலிண்டர் கசிந்திருந்தது. நான்கு முன் ஷூக்களுக்கும் புது லைனிங் ஒட்டிவிட்டேன். டயர்கள் 2011ஆம் ஆண்டுடையவை, அவற்றையும் மாற்றினேன். நேற்று அதிகாலை, சாலை காலியாக இருக்கும்போது திருவொற்றியூர் வரை போய் வந்தேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கை லேசாக மட்டும் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்தினேன். கோடு போட்டது போல நேராக நின்றது.

டிஸ்க் தொகுப்பை மழைக்காலத்துக்கு முன் வரவழைக்கப் போகிறேன். பெரம்பூர் அண்ணா, உங்கள் மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவைப் பார்த்துச் சொல்ல முடியுமா?