70000 டன்ஸ் ஆஃப் மெட்டல் கப்பல்: முதல் தடவை போறவருக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?

கரும்பனை:
வணக்கம். நானும் என்ர சிநேகிதரும் 70000 டன்ஸ் கப்பலுக்கு, அதுதான் புளோரிடாவில இருந்து நாலு நாள் கடலில நடக்கிற மெட்டல் இசை விழாவுக்கு, கேபின் போட்டாச்சு. டொரான்டோவில இருந்து வாறம். மெட்டல் கச்சேரி எங்களுக்குப் புதுசில்லை, கப்பல்தான் புதுசு. எனக்குக் கனடியப் பாஸ்போர்ட், அவருக்கு இலங்கைப் பாஸ்போர்ட்டும் கனடா பிஆர் (நிரந்தர வதிவிட) கார்டும். அவர் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார், படகில ஏறினா வயித்தைப் பிரட்டும்.

கேட்க வேண்டியது இவ்வளவும்: இத்தனை செட்டில (ஒரு இசைக்குழு ஒரு தடவை மேடையேறி வாசிக்கிறது) எதை எப்பிடித் தெரிவு செய்யிறது? கேபின் இன்னும் மாத்தலாம் எண்டு சொல்லீனம், எந்தப் பக்கம் எடுக்கிறது நல்லம்? அவருக்கு என்ன விசா வேணும்? காது, வயிறு ரெண்டையும் நாலு நாளும் எப்பிடிக் காப்பாத்திறது? தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ.

இரும்புச்சங்கு:
முதல்ல கணக்கைப் பாருங்க. 60 பேண்டு (இசைக்குழு), ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை வாசிக்கும், ஆக 120 செட். மேடை நாலு: நீச்சல்குள மேல்தளம், தியேட்டர், ஐஸ் ரிங்க், லவுஞ்ச். காலைல பத்து மணி வாக்குல ஆரம்பிச்சு மறுநாள் விடியற வரைக்கும் எங்கேயாவது டிரம் அடிச்சுக்கிட்டேதான் இருக்கும். 2011 ஜனவரியில முதல் பயணம் போனதுலேருந்து இந்த 'ரெண்டு தடவை' ஏற்பாடுதான் இந்தக் கப்பலோட உயிர். அதைச் சரியா பயன்படுத்தினா பாதிக் கவலை போயிடும்.

ஒரு நாளைக்கு முழுசா எட்டு செட்டுக்கு மேல நின்னு பார்க்க உடம்பு கேட்காது. முதல் நாள் சாயந்திரம்தான் தொடங்கும், அதனால நாலு செட். ஆகக்கூடி 28. இந்த 28க்குள்ளதான் உங்க பட்டியல் இருக்கணும். எல்லாத்தையும் எட்டிப் பார்க்கலாம்னு கிளம்பினவங்க மூணாவது நாள் மத்தியானம் தூங்கிட்டு, எதுக்காக வந்தாங்களோ அந்தப் பேண்டையே விட்டுடுவாங்க.

நிகழ்ச்சி நேரப் பட்டியல் கப்பல் கிளம்பறதுக்குச் சில நாள் முன்னாடிதான் வரும். அதுவரைக்கும் பேண்டு பேரை மட்டும் மூணு வகையாப் பிரிச்சு வைங்க: விடவே கூடாதது, பார்த்தா நல்லது, வழியில இருந்தா பார்க்கலாம். பட்டியல் வந்ததும், 'விடவே கூடாதது' அத்தனையையும் அவங்க முதல் செட்லயே பார்த்துடுங்க. ரெண்டாவது செட் கையிருப்பு மாதிரி. ஏன்னா நேரம் மாறும்போது அடிபடறது பெரும்பாலும் பின்னாடி வர்ற செட்டுங்கதான். ஒரே விதிவிலக்கு: ஒரு ஆல்பத்தை முழுசா வாசிக்கப் போறோம்னு சில பேண்டுங்க முன்னாடியே சொல்லும். அது எந்த செட்னு பார்த்து அதைப் பிடிங்க.

மூவாயிரம் பேர் ஏறுவாங்க, தியேட்டர்ல இருக்கை சுமார் 1,300தான். பெரிய பேரா இருந்தா இருபது நிமிஷம் முன்னாடியே போய் நில்லுங்க. லவுஞ்ச் இன்னும் சின்னது. அங்கே வாசிக்கிற பேண்டை மேடையிலேருந்து மூணு நாலு அடியில பார்க்கலாம். இந்தக் கப்பல்ல கிடைக்கிற பெரிய சுகம் அதுதான்.

நங்கூரம்:
விசா விஷயத்தை முதலில் முடித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் நண்பருக்கு அமெரிக்காவின் பி1/பி2 விசா, அதாவது வருகையாளர் விசா, தேவை. கனடா பிஆர் கார்டு அதற்கு ஈடாகாது. விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் வேறொரு நாட்டுத் துறைமுகம் போய்விட்டுக் கப்பல் மறுபடியும் புளோரிடாவுக்குத்தான் வரும். விசா நேர்காணலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும், இன்றே விண்ணப்பியுங்கள். அந்த நடுத் துறைமுக நாட்டில் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா என்பதையும் பாருங்கள். 'நான் கப்பலை விட்டு இறங்கவே மாட்டேன்' என்ற பதில் கவுன்டரில் எடுபடாது. ஆவணம் குறைந்தால் ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்பாது. திரும்பி டொரான்டோ விமானம் ஏறப் பிஆர் கார்டு கையில் இருக்க வேண்டும், அதன் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவிலிருந்து நம்மவர் யாராவது இதைப் படித்தால்: சுவிஸ், பிரெஞ்சு, ஜெர்மன், நார்வே பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணமாக எஸ்டா (விசா இல்லாமல் அமெரிக்கா போக இணையத்தில் வாங்கும் அனுமதி) போதும், ஆனால் புறப்படுவதற்கு 72 மணி நேரம் முன்பாவது போட வேண்டும்.

கப்பல் சில ஆண்டுகளில் மயாமியிலிருந்து கிளம்பியிருக்கிறது, சில ஆண்டுகளில் ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து. இரண்டுக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர். விமான டிக்கெட் எடுக்கும் முன் எந்தத் துறைமுகம் என்று சரிபாருங்கள். கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாளே போய் இறங்கிவிடுங்கள். ஜனவரியில் டொரான்டோவில் பனி கொட்டினால் விமானம் நிற்கும், கப்பல் நிற்காது. திரும்பும் விமானம் மதியம் 12க்குப் பிறகு.

கேபின்: இந்த விழாவுக்கு எடுத்திருக்கும் ஃப்ரீடம், லிபர்ட்டி, இண்டிபெண்டென்ஸ் மூன்றும் ஒரே வகைக் கப்பல்கள், 339 மீட்டர் நீளம். நீச்சல்குளம் 11ஆம் தளத்தில். அதற்கு நேர் கீழே 10ஆம் தளத்தின் நடுப்பகுதிக் கேபின்களை எடுக்காதீர்கள். இரட்டை பேஸ் டிரம் அதிர்வு இரும்பு வழியாக இறங்கிக் கட்டில் காலுக்கே வரும். காதடைப்பான் சத்தத்தைக் குறைக்கும், உடம்பில் படும் அதிர்வை நிறுத்தாது. கப்பலுக்குள்ளே இருக்கும் கடைவீதியைப் பார்த்த ஜன்னல் கேபின்களும் வேண்டாம், அங்கே விடிய விடிய ஆள் நடமாட்டம். வயிறு புரட்டும் நண்பருக்கு 6, 7ஆம் தளங்களில் கப்பலின் நடுவில், கடல் பார்த்தது கிடைத்தால் எடுங்கள்.

செவிப்பறை:
காதுக்கு நான் சொல்கிறேன். அமெரிக்கத் தொழில்நலக் கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மெட்டல் செட் 100ஐத் தாண்டுவது சாதாரணம், நீங்கள் நிற்கப் போவதோ 28 செட். சாதாரணக் கச்சேரி என்றால் மறுநாள் காது ஓய்வெடுக்கும். இங்கே மறுநாள் காலை பத்து மணிக்கே அடுத்த டிரம்.

இரண்டு வகை வாங்குங்கள். ஒன்று, இசைக்கலைஞர்கள் போடும் ஃபில்டர் வைத்த சிலிக்கான் காதடைப்பான், 15 முதல் 20 டெசிபல் குறைப்பது. இது எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் கிட்டார் கிட்டாராகவே கேட்கும். இரண்டாவது, மஞ்சள் ஸ்பாஞ்ச் அடைப்பான், நான்கைந்து ஜோடி. இது சிம்பலையும் குரலின் மேல்பகுதியையும் அதிகமாக விழுங்கிவிடும், ஆனாலும் ஸ்பீக்கர் பக்கம் மாட்டிக்கொண்டால் இதுதான் காப்பாற்றும், தூங்கவும் ஆகும்.

ஸ்பாஞ்சைப் பலர் தவறாகப் போடுகிறார்கள். விரலால் இறுக்கி உருட்டி மெல்லிய குச்சி போல ஆக்குங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுங்கள், துளை நேராகும். உள்ளே விட்டு அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். வெளியே பாதி துருத்திக்கொண்டு தெரிந்தால் அட்டையில் எழுதிய அளவில் பாதிகூடக் குறையாது. பாட்டு நடுவில் கழற்றி நண்பரிடம் பேசவும் கூடாது. பேச வேண்டுமென்றால் வெளியே வாருங்கள்.

மிளகுரசம்:
சாப்பாடு கவலையே வேண்டாம். ராயல் கரீபியன் கம்பெனியோட கப்பல், பஃபேயில மரக்கறி தாராளமா இருக்கும். உட்கார்ந்து சாப்பிடுற பெரிய டைனிங் ஹால்ல இந்திய மரக்கறிச் சாப்பாடு கேட்டா செய்து தருவாங்க. முதல் நாள் ராத்திரியே ஹெட் வெயிட்டர்கிட்ட சொல்லி வைங்க, அடுத்த நாள் பருப்பு, சப்ஜி, சோறுன்னு வந்துடும். சாப்பாடு டிக்கெட்டுலயே அடக்கம். மது தனிக் கணக்கு, ஒவ்வொரு கிளாஸுக்கும் 18 சதவீதம் டிப்ஸ் தானா ஏறும். கப்பல்ல ரொக்கம் செல்லாது, எல்லாம் கப்பல்ல குடுக்கிற சீபாஸ் கார்டுல பதிவாகும். அந்தக் கார்டோட கிரெடிட் கார்டையே இணைங்க. டெபிட் கார்டு கொடுத்தா அவங்க பிடிச்சு வைக்கிற தொகை விடுபட நாளாகும்.

வயிற்றுக்கு: புளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவுல வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுது. குளிர்காலத்துல வடகாத்து அதுக்கு எதிரா அடிச்சா அலை குட்டையா, செங்குத்தா எழும்பும். அதனால கிளம்பின முதல் ராத்திரியே ஆட்டம் இருக்கலாம். குமட்டல் வந்தப்புறம் மாத்திரை போட்டுப் பெரிசா பயனில்லை. மெக்லிசின் 25 மில்லிகிராம், கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடி. காதுக்குப் பின்னால ஒட்டற ஸ்கோபொலமைன் பட்டை மூணு நாள் தாங்கும், ஆனா அமெரிக்காவுல டாக்டர் சீட்டு வேணும். குறைஞ்சது நாலு மணி நேரம் முன்னாடி ஒட்டணும், தொட்ட கையால கண்ணைத் தேய்க்கக் கூடாது. ரெண்டுமே தூக்கம் வரவைக்கும், மதுவோட சேர்க்காதீங்க.

தியேட்டர் கப்பலோட மூக்குப் பக்கம் இருக்கு, ஏத்த இறக்கம் அங்கேதான் அதிகம். ஆட்டமான ராத்திரியில நண்பரை நடுவுல இருக்கிற ஐஸ் ரிங்குக்குக் கூட்டிட்டுப் போங்க.

இன்னொண்ணு, சாப்பிடப் போகும்போது சோப்பு போட்டுக் கை கழுவுங்க. கப்பல்ல பரவுற, வாந்தி பேதி தர்ற நோரோவைரஸுக்கு சானிட்டைசர் சரியா வேலை செய்யாது.

கரும்பனை:
எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. விசா விண்ணப்பம் இண்டைக்கே துவங்கிறம். எங்கட கேபின் 10ஆம் தளம் நடுவிலதான் இருக்கு, மாத்தக் கேட்டு எழுதிறன்.

இன்னும் ரெண்டு கேள்வி. நீச்சல்குள மேடையில பிட் (மேடைக்கு முன்னால ஆளோட ஆள் மோதி ஆடுற இடம்) எப்பிடி இருக்கும்? பாட்டுக்காரரைச் சந்திக்கிறது எப்பிடி?

இரும்புச்சங்கு:
குளத்து மேடை முதல் நாள் இருக்காது. கப்பல் கிளம்பினப்புறம்தான் ராத்திரியோட ராத்திரியா குளத்து மேலேயே கட்டுவாங்க. அடுத்த நாள் பகல்ல தொடங்கணும், ஆனா காத்து பலமா இருந்தா லைட்டு தூக்குற சட்டத்தை ஏத்த முடியாது, மொத்தப் பட்டியலும் தள்ளிப் போகும். முதல் செட்டுக்குப் போங்கன்னு நான் சொன்னதுக்கு இதுதான் காரணம். தினமும் காலையில மாத்தின பட்டியலைப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்து வைச்சுக்கங்க. போன் ஏரோப்ளேன் மோடுலயே இருக்கட்டும். கடல் நெட்வொர்க்குல தானா சேர்ந்தா பில்லு பயங்கரமா வரும். வைஃபை வாங்கலைன்னா வாட்ஸப் கிடையாது, 'ஒவ்வொரு மூணு மணி நேரத்துக்கும் இந்தப் படிக்கட்டு' அப்படின்னு நண்பரோட ஒரு இடம் பேசி வைங்க.

பிட் பத்தி: தரை ஈரம், ஜகுஸி சுடுதண்ணித் தொட்டியில குளிக்கிறவங்க தண்ணியோட ஏறி இறங்குவாங்க, சுத்தி படிகளும் கம்பிகளும். நிலத்துல சுத்துற வட்டம் மாதிரி நினைக்காதீங்க. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் நகரும், அந்த நேரம் ஓரத்துல நிக்கிறவர்தான் கம்பியில மோதுவார். அடிப்பாகம் வழுக்காத, விரல் மூடின ஷூ போடுங்க. செருப்போட உள்ளே போகவே போகாதீங்க. யாராவது விழுந்தா உடனே கை கொடுத்துத் தூக்குவாங்க, நீங்களும் அப்படியே செய்யணும். பகல்ல வெயில் கடுமை, ராத்திரி அதே தளத்துல காத்து குளிரும். சன்ஸ்க்ரீனும் மெல்லிய ஜாக்கெட்டும் ரெண்டுமே வேணும்.

சந்திக்கிறது ரொம்பச் சுலபம். இந்தக் கப்பல்ல விஐபி பகுதின்னு எதுவும் கிடையாது, பேண்டுக்காரங்களும் அதே பஃபே வரிசையில தட்டோட நிப்பாங்க, அதே லிஃப்ட்ல வருவாங்க. கையெழுத்து நேரமும் தனியா அறிவிப்பாங்க, ஆல்பம் அட்டை கொண்டுபோறதா இருந்தா அதுக்கு வைச்சுக்கங்க. மத்த இடத்துல ஒரு போட்டோ, ஒரு நன்றி, அதோட நகர்ந்துடுங்க. சாப்பிடும்போது, குடும்பத்தோட இருக்கும்போது கேட்காதீங்க. அவங்க இந்தக் கப்பலுக்கு வர்றதே அந்தச் சுதந்திரத்துக்காகத்தான்; நாம அதைக் கெடுத்தா அடுத்த வருஷம் கேபினைப் பூட்டிக்கிட்டு உள்ளேயே இருப்பாங்க.

நங்கூரம்:
பெட்டி பற்றி ஒன்று விட்டுப்போனது. துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி கேபினுக்கு வரச் சாயந்திரம் ஆகும். பாஸ்போர்ட், மாத்திரை, காதடைப்பான், மாற்று டி-ஷர்ட் எல்லாம் தோள்பையில் இருக்கட்டும். ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள், அது எல்லோருக்கும் கட்டாயம். பல பிளக் போடும் மின் எக்ஸ்டென்ஷன் கொண்டுபோகாதீர்கள், பரிசோதனையில் எடுத்துவிடுவார்கள். பல யுஎஸ்பி துளை உள்ள சார்ஜர் ஒன்று போதும். கேபின் சுவர் இரும்பு, ஆறேழு காந்தக் கொக்கி வாங்கிப் போனால் வியர்வையில் நனைந்த டி-ஷர்ட்டுகளைத் தொங்கவிடலாம்.

கடைசி இரவு பெட்டியை வெளியே வைக்கச் சொல்வார்கள், அப்போதும் மேடைகளில் வாசித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதற்காகச் செட்டை விட்டு ஓடாதீர்கள். காலையில் நீங்களே பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கலாம். இல்லை, வெளியே வைப்பதென்றால் மறுநாள் போடும் கால்சட்டையையும் மேல்சட்டையையும் முதலில் எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் பூட்டுங்கள்.

கரும்பனை:
காந்தக் கொக்கி குறிச்சு வச்சிட்டன். விசா நாள் கிடைச்சதும் வந்து சொல்லுறன்.