மீன் முட்டையை நீருக்கு வெளியே வைத்து வளர்த்தல்: ‘ஈர அடைவைப்பு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மீன் முட்டையை நீருக்கு வெளியே ஈரத்தில் வைத்து வளர்க்கும் முறைக்கு (ஆங்கிலத்தில் air incubation) ‘காற்று அடைகாப்பு’, ‘நீரிலா அடைகாப்பு’ என்று இரண்டு சொற்கள் பரிந்துரையாக வந்திருக்கின்றன. எனக்கு இரண்டிலும் தயக்கம் உண்டு. பண்ணையில் நடப்பதை வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

அமெரிக்காவின் லூசியானாவில் தூண்டில் இரைக்காகக் கில்லி (killifish) என்ற சிறு மீன் வகை ஒன்றை வளர்க்கிறார்கள். இயற்கையில் அது பெரிய ஓதத்தின்போது (கடல்நீர் ஏற்றத்தின்போது) உப்புச் சதுப்பிலுள்ள புற்களில் முட்டையிடும். தண்ணீர் வடிந்ததும் முட்டைகள் ஈரப் புல்லில் ஒட்டியபடி வளரும். அடுத்த பெரிய ஓதம் வந்து மூடும்போது பொரிக்கும். பண்ணையிலும் அதையே செய்கிறார்கள்: நனைத்த நுரைப்பஞ்சுத் (foam) தாளில் முட்டைகளைப் பரப்பி, மேலே இன்னொரு ஈரத் தாளைப் போட்டு, பெட்டியில் மூடி வைக்கிறார்கள். ஓடும் தண்ணீர் வேண்டாம், பம்பு வேண்டாம். கரு முற்றியதும் தண்ணீரில் போடுவார்கள். முட்டையைச் சுற்றி ஆக்சிஜன் குறைந்ததும் கரு ஒரு நொதியைச் சுரந்து முட்டையின் உறையைக் கரைத்து வெளியே வரும். குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிப்பதால் பெரியது சின்னதைத் தின்பதும் குறைகிறது.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லி லிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் 6 மில்லி லிட்டர் அளவே கரைந்திருக்கும். ஆக, வெளியே இருக்கும் முட்டைக்கு மூச்சுக்குக் குறைவில்லை. உலர்ந்து போவதுதான் ஆபத்து. காற்று தானாகக் கிடைக்கிறது, ஈரத்தைத்தான் ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘நீரிலா’ என்று எழுதினால் புதிதாக வேலைக்கு வருபவர் முட்டையைக் காயவிட்டுவிடுவார். பெயரில் ஈரம் இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1864இல் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கென்று டிரவுட், சால்மன் மீன்களின் முட்டைகள் ‘நார்ஃபோக்’ கப்பலில் புறப்பட்டதும் ஈரப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்கு நடுவேதான். அதற்கும் ‘ஈர’ பொருந்தும், ‘காற்று’ பொருந்தாது.

அடுத்து, ‘அடைகாப்பு’. அடைகாப்பது கோழி, முட்டையை அடைவைப்பது மனிதர். ஊரில் அப்படித்தானே சொல்கிறோம்? இங்கே தாய் மீனுக்கு வேலையே இல்லை. அதனால் ‘ஈர அடைவைப்பு’. ‘அடை’ என்றால் சூடு வருமே என்று சிலர் கேட்கலாம். தொற்று நோய்க்கு ‘அடைகாக்கும் காலம்’ என்று மருத்துவத்தில் எழுதுகிறோம், அதில் யாரும் சூட்டைத் தேடுவதில்லை.

கட்லா, ரோகு முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும் என்பதால் அவற்றுக்கு இந்தச் சொல் தேவைப்படாது. கிழக்கு ஆப்பிரிக்கக் குட்டைகளில் வாழும் நோத்தோபிராங்கியஸ் மீனின் கதை வேறு. குட்டை வற்றியபின் சேற்றுக்குள் அதன் கரு வளர்ச்சியையே மாதக்கணக்கில் நிறுத்திவிடும். வளர்ப்பவர்கள் அந்த முட்டைகளை ஈரமான கரிச்சேற்று நாரில் (peat, மட்கிய தாவர நார்) வைக்கிறார்கள். வைக்கும் முறை ஈர அடைவைப்புதான். கருவின் அந்த நிலைக்குத் தனியாகக் ‘கருவுறக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், கடைசியில் தண்ணீரில் போட்டுப் பொரிக்க வைப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘நனைத்துப் பொரித்தல்’ சரிவராது, முட்டை முன்பே நனைந்துதான் இருக்கிறது. ‘நீரிட்டுப் பொரித்தல்’ எனக்குப் பரவாயில்லை என்று படுகிறது. பொரிப்பகத்தில் வேலை செய்பவர்கள் இதைவிடச் சுருக்கமாக ஏதாவது சொல்கிறார்கள் என்றால் அதையே எடுத்துக்கொள்வோம்.