சாஃப்ட் ஹேண்டோவர்: மென்கைமாற்றமா, விடாப்பிடி மாற்றமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்றாம் தலைமுறைக் கைபேசி வலையமைப்புச் சொற்பட்டியலில் 'சாஃப்ட் ஹேண்டோவர்' என்ற வரிக்கு எதிரே இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மென்கைமாற்றம், மென்கையளிப்பு, இலகு ஒப்படைப்பு. நகரும் கைபேசியின் பேச்சு ஒரு கோபுர நிலையத்திலிருந்து அடுத்ததற்கு மாறுவதே ஹேண்டோவர். பழையதை விடாமலே புதியதையும் பிடிக்கும் வகைதான் 'சாஃப்ட்'. மேலே சொன்ன மூன்று சொற்களுமே எனக்கு உறுத்துகின்றன. ஏன் என்று சொல்லிவிட்டு என் பங்குக்கு ஒரு சொல்லையும் வைக்கிறேன். மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சொல்லைத் தப்பாக வைத்துவிட்டால் இதன் அடியில் தொங்கும் ஐந்தாறு சொற்களும் கோணலாகிவிடும்.

முதலில் கைமாற்றம். கைமாற்று என்றால் நம் காதில் விழுவது சிறு கடன். சீட்டு எழுதாமல், வட்டி இல்லாமல், நாலு நாளில் தந்துவிடுகிறேன் என்று வாங்குவது. அதை ஒதுக்கிவைத்தாலும், 'வீடு கைமாறியது' என்றால் ஒருவர் கையை விட்டுப் போய் இன்னொருவர் கைக்கு வந்துவிட்டது என்றுதான் பொருள். இடையில் இருவர் கையிலும் இருந்த காலம் என்று ஒன்று கிடையாது. கையளிப்பும் ஒப்படைப்பும் அப்படியே. கையளித்தவரிடம் பொருள் மிஞ்சாது. சாஃப்ட் ஹேண்டோவரில் நடப்பது இதற்கு நேர் எதிரானது என்பதுதான் என் முதல் குறை.

அடுத்தது 'மென்'. மென்பொருள், மென்நகல் என்று பழகிய கண்ணுக்கு மென்கைமாற்றம் என்றால் மென்பொருள் வழியாகச் செய்யும் கைமாற்றம் என்றே தோன்றும். அது போகட்டும். இதே பட்டியலில் நாலு வரி தள்ளி 'சாஃப்டர் ஹேண்டோவர்' என்று இன்னொன்று இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? ஆங்கிலத்தில் ஓர் ஈற்றைச் சேர்த்து முடித்துவிட்டார்கள். நமக்கு அப்படி ஓர் ஈறு இல்லை. 'மேலும் மென்கைமாற்றம்' என்று எழுதினால் மறுபடியும் ஒருமுறை கைமாற்றியதாக ஆகிவிடும்.

சரி, உண்மையில் என்னதான் நடக்கிறது?

இரண்டாம் தலைமுறை ஜிஎஸ்எம்மில் ஒவ்வொரு அலைவரிசையும் 200 கிலோஹெர்ட்ஸ் அகலம். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் (கோபுர நிலையங்கள் சேவை தரும் சிறு பரப்புகள்) வெவ்வேறு அலைவரிசையில் பேசும். பேசிக்கொண்டே நகரும் கைபேசி ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் போகவேண்டுமானால் பழைய அலைவரிசையை விட்டுவிட்டு, புதியதற்குத் திருகிக்கொண்டு, அங்கே பிடிக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணிமைப் பொழுது எதிலும் இல்லாத நிலை. பேச்சில் ஒரு சின்ன வெட்டு விழுவது அதனால்தான். இதுதான் 'ஹார்ட் ஹேண்டோவர்'.

மூன்றாம் தலைமுறையில் ஐரோப்பாவும் ஜப்பானும் எடுத்துக்கொண்ட டபிள்யூசிடிஎம்ஏ முறையில் இந்த அடிப்படையே மாறிவிட்டது. எல்லாச் செல்களும் ஒரே 5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசலாம். யார் பேச்சு யாருடையது என்று பிரிப்பது அலைவரிசை அல்ல, குறிமுறை. நொடிக்கு 38,40,000 சிப்கள் (குறியின் மிகச் சிறு துணுக்குகள்) என்ற வேகத்தில் ஒவ்வொரு பேச்சையும் அதற்குரிய குறியால் பரப்பி அனுப்புகிறார்கள். ஆகவே கைபேசி எதையும் விடவேண்டிய அவசியமே இல்லை. இன்னொரு குறியையும் சேர்த்துக் கேட்டால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நிலையங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். புதியது நிலைத்து, பழையது தேய்ந்த பிறகுதான் பழையதை விடும்.

விடவேண்டியதில்லை என்பது பாதி. விடக்கூடாது என்பது மறுபாதி. இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் 'மென்' என்ற சொல் இதை ஒரு சொகுசு போலக் காட்டுகிறது. எல்லாரும் ஒரே அலைவரிசையில் இருப்பதால் ஒருவர் உரக்கப் பேசினால் மற்றவருக்கு இரைச்சல். இரண்டு செல்களின் எல்லையில் நிற்கும் கைபேசி தூரத்து நிலையத்துக்குக் கேட்கவேண்டுமென்று குரலை உயர்த்தினால், கிட்டத்து நிலையத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது இடைஞ்சல். அதனால் டபிள்யூசிடிஎம்ஏவில் நிலையம் கைபேசிக்கு நொடிக்கு 1500 முறை 'ஏற்று', 'இறக்கு' என்று அது அனுப்பவேண்டிய அலையின் திறனைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எல்லையில் நிற்கும் கைபேசிக்கு இரண்டு நிலையங்களும் சொல்லும். ஒன்று ஏற்று என்கிறது, மற்றது இறக்கு என்கிறது. கைபேசி யார் பேச்சைக் கேட்கும்? இறக்கு என்றவர் பேச்சை. எல்லாரும் ஏற்று என்றால்தான் ஏற்றும். யாருக்குத் தன் குரல் நன்றாகக் கேட்கிறதோ அவருக்குத் தொல்லை தரக்கூடாது என்பதே கணக்கு. இரண்டு பேர் பிடியிலும் ஒருசேர இருந்தால்தான் இது நடக்கும். இந்த இடத்தை முதன்முதலில் படித்தபோது வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நிதானமான ஏற்பாடு!

நான் சில காலம் சோதனை வண்டியில் உட்கார்ந்து அளவெடுக்கும் வேலை பார்த்திருக்கிறேன். மடிக்கணினித் திரையில் ஒரு சின்னப் பட்டியல் ஓடும். முதலில் ஒரே வரி: செல்லின் குறியெண், பக்கத்தில் அதன் சிக்னல் தரத்தைக் காட்டும் மைனஸ் 6 என்பது போல ஓர் அளவு. வண்டி நகர நகர அது மைனஸ் 8, மைனஸ் 9 என்று இறங்கும். கீழே மங்கலாக இருந்த இன்னொரு குறியெண் மெல்ல ஏறி, சட்டென்று மேல் பட்டியலுக்கு வந்துவிடும். இப்போது இரண்டு வரி. சிக்னலில் வண்டி நிற்கும். இரண்டு வரியும் அப்படியே நிற்கும். பச்சை விழும்வரை, பேச்சு முழுக்க, கைபேசி இரண்டு பிடியில்தான் இருக்கும். அப்புறம் வண்டி வந்த வழியே திரும்பினால் இரண்டாவது வரி மறைந்து பழைய ஒற்றை வரி மட்டும் மிஞ்சும். எதுவும் கைமாறவே இல்லை! எவரும் எதையும் எவரிடமும் ஒப்படைக்கவில்லை. ஆனாலும் அந்த நேரம் முழுக்க அது 'சாஃப்ட் ஹேண்டோவரில்' இருந்ததாகத்தான் பதிவேடு சொல்லும்.

ஆகவே இது ஒரு நிகழ்ச்சியின் பெயர் மட்டுமல்ல, ஒரு நிலையின் பெயரும்கூட. நாம் வைக்கும் சொல் 'நடந்தது' என்பதோடும் ஒட்டவேண்டும், 'இருக்கிறது' என்பதோடும் ஒட்டவேண்டும்.

இப்போது என் சொல். கைபேசி வைத்திருக்கும் எவரும் சொல்வது 'இங்கே டவர் பிடிக்கவில்லை', 'மாடிக்குப் போனால் சிக்னல் பிடிக்கும்'. பிடி என்ற வினையை மக்கள் ஏற்கெனவே இந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். அதை விட்டுவிட்டு நாம் ஏன் ஒப்படைப்பைத் தேடிப் போகவேண்டும்? ஹேண்டோவருக்குப் பொதுச்சொல்லாகப் பிடிமாற்றம் என்று வைப்போம். விட்டுவிட்டுப் பிடிப்பது விட்டுப்பிடி மாற்றம். விடாமல் பிடிப்பது விடாப்பிடி மாற்றம். நிலையைச் சொல்ல வெறும் விடாப்பிடி போதும்.

முதலில் நான் 'பிடித்துவிடுதல்' என்றுதான் எழுதிப் பார்த்தேன். புதியதைப் பிடித்து, பிறகு பழையதை விடுதல். வரிசை சரியாகத்தான் இருந்தது. ஆனால் நம் மொழியில் 'விடு' துணைவினையாக ஒட்டிக்கொண்டால் பொருளே வேறு. 'பிடித்துவிட்டான்' என்றால் கெட்டியாகப் பிடித்தான் என்று ஆகிறதே தவிர விட்டான் என்று ஆகாது. கால் பிடித்துவிடுவது வேறு இருக்கிறது. அதைக் கிழித்துப் போட்டேன்.

விடாப்பிடி என்பது பிடிவாதத்தைக் குறிக்கும், எதிர்மறையாக ஒலிக்கும் என்று ஐயா ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். ஓரளவு உண்மைதான். ஆனால் 'விடாப்பிடியாக உழைத்தார்' என்று பாராட்டவும் நாம் இதையே சொல்கிறோம். பிடிவாதம் காதில் கொஞ்சம் விழுந்தாலும் தவறில்லை என்பேன். இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. ஒரே பேச்சுக்கு இரண்டு நிலையங்களின் திறனும் குறிகளும் செலவாகும். நிலையத்திலிருந்து பின்னால் போகும் இணைப்பிலும் ஒரே பேச்சு இரண்டு தடவை ஓடும். விடமாட்டேன் என்று நிற்பவர் தரும் சுமை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'மென்' அதை மறைத்துவிடும்.

இன்னொரு நண்பர் கேட்டது: மாற்றம் செய்வது வலையமைப்பு, கைபேசி அளந்து சொல்வதோடு சரி, அப்படியிருக்க 'பிடி' என்று கைபேசியின் பக்கமிருந்து ஏன் பெயர் வைக்கவேண்டும்? நல்ல கேள்வி. முடிவெடுப்பது பல நிலையங்களை மேலிருந்து நடத்தும் ரேடியோ வலைக் கட்டுப்பாட்டகம்தான். ஆனால் பிடி இரண்டு பக்கமும் பேசும் சொல். கைபேசி நிலையத்தைப் பிடிக்கிறது, நிலையங்களும் கைபேசியைப் பிடித்திருக்கின்றன. இரண்டு நிலையமும் கேட்டதைக் கட்டுப்பாட்டகத்துக்கு அனுப்ப, அது பேச்சின் ஒவ்வொரு சிறு துண்டிலும் எது பழுதில்லாமல் வந்ததோ அதை எடுத்துக்கொள்கிறது. ஒப்படைப்பு என்றால் வலையமைப்பின் பார்வை மட்டும்தான் தெரியும்.

ஆங்கிலச் சொல்லையே அச்சாக எடுத்துப் பெயர்க்கவேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அங்கேயே இதற்கு ஒரே சொல் கிடையாது. ஜிஎஸ்எம்முக்குப் போட்டியாக, குறிகளால் பேச்சைப் பிரிக்கும் சிடிஎம்ஏ முறை 1995இல் வணிகச் சேவைக்கு வந்தபோதே இந்த விடாப்பிடி அதில் இருந்தது. அந்த மரபினர் இதைச் 'சாஃப்ட் ஹேண்டாஃப்' என்றார்கள். ஜிஎஸ்எம் மரபினருக்கு ஹேண்டோவர்தான் பழக்கம். ஐரோப்பியத் தரநிலை அமைப்பான எட்சி 1998 ஜனவரியில் டபிள்யூசிடிஎம்ஏவைத் தேர்ந்தெடுத்ததும், அதே ஆண்டு டிசம்பரில் 3ஜிபிபி என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாகித் தரநிலைகளை எழுதத் தொடங்கியதும், விட்டுப்பிடியில் பழகிய ஜிஎஸ்எம் மரபினர் இந்த எதிர்முகாமின் உத்தியைத் தங்கள் பழைய சொல்லோடு சேர்த்துச் 'சாஃப்ட் ஹேண்டோவர்' என்றே அந்தத் தரநிலைகளில் எழுதினார்கள். 2001 அக்டோபர் 1ஆம் தேதி ஜப்பானில் என்டிடி டோகோமோ நிறுவனத்தின் ஃபோமா என்ற டபிள்யூசிடிஎம்ஏ சேவை தொடங்கியபோது இரண்டு சொற்களும் உலகில் அருகருகே உலவிக்கொண்டிருந்தன. அவர்கள் தங்கள் பழக்கத்திலிருந்து சொல் எடுத்தார்கள், நாமும் நம் பழக்கத்திலிருந்து எடுப்போம்.

விட்டுப்பிடி, விடாப்பிடி என்ற இந்த இணை பின்னால் வந்த மாற்றங்களுக்கும் தாங்குகிறதா என்று பார்த்தேன். மூன்றாம் தலைமுறையில் வேகத் தரவுக்காகப் பின்னால் சேர்த்த எச்எஸ்டிபிஏ வந்தபோது, 2 மில்லிநொடிக்கு ஒருமுறை யாருக்குத் தரவு அனுப்புவது என்ற முடிவை நிலையமே எடுக்கத் தொடங்கியது. அவ்வளவு வேகத்தில் இரண்டு நிலையங்கள் கூடிப்பேசிச் செய்ய வழியில்லை. எனவே அந்தத் தரவுத்தடம் எப்போதும் ஒரே செல்லிலிருந்துதான் வரும். 'எச்எஸ்டிபிஏவில் பேச்சு விடாப்பிடியில் இருக்கும்போதே தரவு விட்டுப்பிடியில் மாறும்' என்று எழுதலாம், வாசிப்பவருக்கு நடப்பது கண்ணில் தெரியும். நான்காம் தலைமுறை எல்டிஇயில் அந்தக் கட்டுப்பாட்டகமும் போய், விடாப்பிடியும் போய், விட்டுப்பிடி மட்டுமே மிஞ்சியது. அங்கே 'கடின கைமாற்றம்' என்று எழுதினால் ஏதோ சிரமப்பட்டு மாற்றுகிறார்கள் என்று படிப்பவர் நினைப்பார். 3ஜியிலிருந்து 2ஜிக்கு இறங்குவதும் விட்டுப்பிடிதான்.

சார்ந்த சொற்களில் இரண்டு எளிதாக வந்துவிட்டன. கைபேசி அப்போது பிடித்திருக்கும் செல்களான 'ஆக்டிவ் செட்' என்பதற்குப் பிடிப்பட்டியல், பிடிக்காமல் அளந்து மட்டும் பார்க்கும் செல்களான 'மானிட்டர்டு செட்' என்பதற்கு நோட்டப்பட்டியல். நான் மேலே சொன்ன திரையில் மேல் வரிகள் பிடிப்பட்டியல், கீழே மங்கலாக இருந்தவை நோட்டப்பட்டியல். செட் என்பதால் 'கணம்' என்று போடலாமே என்று கேட்பீர்கள். பிடிக்கணம் என்றால் பிடித்த நொடி என்று படிக்க இடமிருக்கிறது, அதனால் தவிர்த்தேன்.

மாட்டிக்கொண்டிருப்பது 'சாஃப்டர்' மட்டும். ஒரே நிலையத்தின் இரண்டு செல்களைக் கைபேசி பிடித்திருக்கும்போது அப்படிச் சொல்கிறார்கள். வேறுபாடு மென்மையின் அளவில் இல்லை. இரண்டு வழியில் வந்த அலைகளைக் கட்டுப்பாட்டகம் வரை அனுப்பாமல் நிலையத்துக்குள்ளேயே சேர்த்துவிடுவதில் இருக்கிறது. அதனால் அகவிடாப்பிடி என்று வைக்க நினைத்தேன். சுருக்கமாக இருக்கிறது, ஆனால் 'அக' என்றதும் மனத்துக்குள் இருக்கும் பிடிவாதம் போல ஒலிக்கிறது என்று என்னுடன் வேலை பார்ப்பவர் சொன்னார். ஒருநிலைய விடாப்பிடி என்றால் பொருள் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் 'ஒருநிலை' என்று மனம் ஒன்றிய நிலையைத் தொட்டுவிடுகிறது. இரண்டில் எதையும் என்னால் முழு மனத்தோடு எழுத முடியவில்லை. நல்ல சொல் கையில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அதுவரை பட்டியலில் அந்த வரியைக் காலியாகவே விட்டுவைக்கிறேன்.

அன்புடன்.