களிமண் ஊரில் உறிஞ்சு குழி நிரம்பியே நிற்கிறது: தெருக் கழிவுநீரை என்ன செய்வது?

கேள்வி: கடைமடைவாசி

வணக்கம். எங்கள் ஊர் காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ளது. ஏறத்தாழ 400 வீடுகள், 1,600 பேர். முன்பு குடத்தில் அளந்து செலவழித்த தண்ணீர், வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு தாராளமாகப் புழங்கப்பட்டு, தெருவோர வாய்க்கால் வழியாக ஊர்க்குளத்தில் போய்ச் சேர்கிறது. நான் நீச்சல் பழகிய அந்தக் குளத்தில் படித்துறையின் கடைசி மூன்று படிகள் ஆகாயத்தாமரைக்கு அடியில் மறைந்து கிடக்கின்றன. மாடுகூட வாய் வைப்பதில்லை. சென்ற ஆண்டு இரண்டு தெருமுனைகளில் தோண்டிய உறிஞ்சு குழிகள் ஐப்பசி மழைக்கு முன்பே நிரம்பிச் சோப்பு நுரையுடன் வழிந்தன. வரும் கிராம சபையில் மேலும் பத்துக் குழிகளுக்குத் தீர்மானம் வரவிருக்கிறது. ஆதரிக்கலாமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற பொறியாளர்

சம்மதிக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். குழி வெட்டவிருக்கும் இடத்தில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, இரவு முழுவதும் தண்ணீர் நிறுத்தி மண்ணை நனையவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி அளவுக்குச்சியை ஊன்றுங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால், அங்கே எத்தனை குழி வெட்டினாலும் அத்தனையும் தொட்டிதான். உறிஞ்சு குழி மணற்பாங்கான நிலத்துக்கு மிக நல்ல ஏற்பாடு; அங்கும் முன்னால் கசடும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்கும் சிறு தொட்டி இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே அடைத்துக்கொள்ளும்.

களிமண்ணுக்கு ஏற்றது, வாய்க்கால் குளத்தில் விழும் இடத்துக்கு முன்பாகவே நீரைத் தேக்கித் தெளியவைப்பதுதான். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால் உங்கள் ஊருக்கு 88,000 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது சுமார் 70,000 லிட்டர், கழிவுநீராக வெளிவரும். பத்து நாள் தங்குவதற்கு, நாலரை அடி ஆழத்தில் ஏறக்குறைய 13 சென்ட் நீர்ப்பரப்பு வேண்டும். அதை இரண்டு குட்டைகளாகப் பிரித்து, கடைசியில் ஜல்லி பரப்பிய பாத்தியில் கல்வாழையும் சம்புக் கோரையும் நட்டால், வேர்களைச் சுற்றி வளரும் நுண்ணுயிர்கள் எஞ்சிய அழுக்கைத் தின்றுவிடும். மின்சாரம் தேவையில்லை. மழைவெள்ளம் குட்டைக்குள் புகாமல் திருப்பிவிட ஒரு பலகை மடை மட்டும் கட்டாயம் வேண்டும்.

தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், 5,000 பேருக்கு உட்பட்ட ஊர்களுக்குக் கழிவுநீர்ப் பணிக்காக ஆளுக்கு 280 ரூபாய் வரை வரம்பு வைத்திருந்தார்கள். உங்கள் ஊர்க் கணக்கில் அது 4,48,000 ரூபாய். இப்போதைய நிலையை ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள்.

மறுமொழி: மகளிர் குழு உறுப்பினர்

ஐயா சொல்வது சரி, ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எந்தெந்த வீட்டுச் செப்டிக் டேங்கின் குழாய் வாய்க்காலில் திறந்திருக்கிறது என்று தெருத்தெருவாக எண்ணுங்கள். எங்கள் ஊரில் இதைச் செய்யாமல் குட்டை வெட்டினோம். கம்பி வலையில் சிக்கிய ஷாம்பு உறையையும் தேங்காய் நாரையும் வாரம் ஒருமுறை வழித்தெடுத்த அக்காவின் கைகளில் தீராத சொறி வந்த பிறகே, மலக்கசடு கலந்து வருவதைக் கண்டுகொண்டோம். அந்த அக்காவிடம் நாங்கள் அனைவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. மனிதக் கழிவைக் கையால் அள்ளச் செய்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அறியாமல் செய்தோம் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

கொல்லை உள்ள வீடுகளில் சமையலறை நீரை வாழைக்கு விடச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் அதனாலேயே வாய்க்கால் பாதியாக வற்றியது.

கடைமடைவாசி

இருவருக்கும் நன்றி. குளக்கரையில் சோதித்தேன், ஒரு மணி நேரத்தில் விரல் அகலம்கூட இறங்கவில்லை. எங்கள் தெருவின் 37 வீடுகளில் 11 வீட்டுக் குழாய்கள் வாய்க்காலில் விழுகின்றன, அவற்றுள் ஒன்று என் வீட்டினுடையது. ஆனால் மண் உறிஞ்சாதபோது அந்த நீரை எங்கே விடுவது?

மறுமொழி: ஓய்வுபெற்ற பொறியாளர்

அந்த வீடுகளின் குழாய்களை மட்டும் மூடிய தனிக் குழாயில் இணைத்து, குட்டைக்கு முன்னால் தடுப்புச் சுவர்கள் கொண்ட மூடிய தொட்டி ஒன்றில் விடுங்கள். அங்கே கசடு படிந்த பிறகு நீர் குட்டைக்கு வரட்டும். டேங்குகளை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு உறிஞ்சும் லாரி கொண்டு காலி செய்யவும், அது கசடைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் குழாயை முதலில் மாற்றிவிட்டுச் சபைக்குப் போங்கள்.